வீட்டுத் தோட்டம்: மாசி மாதத்து வேலைகள்

மாரி ஓய்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்து வளவுகளில் மண்ணின் ஈரம் இன்னும் முற்றாகக் காயவில்லை. காய்கறி நாட்டுவதற்கு ஏற்ற காலம் இதுவே.

முதலில் நிலத்தைக் கொத்திக் களை அகற்றுவோம். பூவரசங்குழை தாழ்த்தி, மக்கிய மாட்டெருவும் இட்டால் செம்மண் ஈரத்தை நெடுநாள் காக்கும். நாலைந்து இலை விட்ட கத்தரிக் கன்றுகளை வெயில் தாழ்ந்த பின், வரிசைக்கு வரிசை 3 அடியும் கன்றுக்குக் கன்று 2 அடியும் இடைவிட்டு நடுதல் நன்று. சில நாட்களுக்கு நிழலும் வேண்டும். வெண்டி விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றலாம். வாழையடியில் வீரியமான குட்டி ஒன்றிரண்டை மாத்திரம் விட்டு ஏனையவற்றை அகற்றுதல் வேண்டும். கறுத்தக்கொழும்பான் மா பூத்திருக்கும் வேளையில் நீர் பாய்ச்சலாகாது. பிஞ்சு பிடித்த பின்னரே பாய்ச்சுதல் தகும்.

நீரைக் குறித்தும் நாம் சிந்தித்தல் வேண்டும். வற்றாத ஆறொன்றும் இல்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கிய மழைநீரே கிணற்று நீராகின்றது. அந்த நன்னீர் நிலத்தடியில் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பது. வரம்பின்றி இறைத்தால் உவர் மேலேறும். அளவுக்கு மிஞ்சி இடும் இரசாயன உரத்தின் நைத்திரேற்றும் அதே கிணற்றையே சென்றடையும். நாம் குடிப்பதும் அந்நீரையே.

ஆதலால், நண்பகலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் அளவறிந்து நீர் வார்ப்போம். சருகினால் பாத்தியை மூடுவோம். கிணற்றடியில் குளித்த நீரை வாழைக்குத் திருப்புவோம். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்தியையேனும் தம் பொறுப்பில் ஏற்பாராக. சித்திரையில் காய் பறிக்கும் வீட்டார், ஆவணியிலும் நன்னீர் அள்ள வேண்டுமல்லவா?