எழுதி வைத்துப் படிக்காதீங்க!

மே 1, ஆகஸ்ட் 15 என்று ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. பெண்கள் நிறையப் பேர் போகிறோம். மைக்கை நீட்டினால் மட்டும், 'அவரு பேசுவாரு' என்று வீட்டுக்காரரைக் கை காட்டிவிடுகிறோம்.

போன தடவை நான் எழுதி வைத்துப் படித்தேன். யாரும் காதிலேயே வாங்கவில்லை. தாளை மடித்துவிட்டு, எதிரே இருந்த பக்கத்துத் தெரு அக்காவைப் பார்த்து, 'எங்க தெருவுல 11 நாளா தண்ணி வரலைக்கா, உங்க தெருவுல?' என்றேன். பெண்கள் எல்லோருமே பேச ஆரம்பித்தார்கள். தீர்மான நோட்டிலும் ஏறியது.

குழாயடியில் நியாயம் பேசத் தெரிந்த நமக்கு மேடைப் பேச்சு எதற்கு? ஒரு முகத்தைப் பாருங்கள்; நாள் கணக்கைச் சொல்லுங்கள்; கேட்பதை ஒரே வரியில் கேளுங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் நமக்கு என்று 2016-ல் சட்டமே வந்தாச்சு. வாயைத் திறக்க வேண்டியது நாம்தான் தோழிகளே!