மலைக்கு ஆள் தெரியாது: 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ'

1/ சர்வைவல் படம்னாலே "மனவுறுதி இருந்தா பிழைச்சுக்கலாம்"னு ஒரு ஃபார்முலா இருக்கு. டாக்டரா எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 2023-ல் வந்த ஸ்பானிஷ் படம் 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' இதைக் கேமராவாலேயே உடைக்குது. அதைப் பத்தி ஒரு த்ரெட். ஸ்பாய்லர் உண்டு.

2/ கதை நிஜம். 1972 அக்டோபர் 13. ஒரு ரக்பி டீம், அவங்க நண்பர்கள், உறவினர்கள்னு 45 பேரோட போன உருகுவே விமானப்படை விமானம் ஆண்டிஸ் மலையில் மோதி விழுந்தது. உயரம் சுமார் 3,600 மீட்டர். 72 நாள் கழிச்சு உயிரோட மீண்டவங்க 16 பேர்.

3/ இயக்கம் பயோனா, ஒளிப்பதிவு பெட்ரோ லூக்கே. பெரும்பகுதி ஷூட்டிங் ஸ்பெயினின் சியரா நெவாடாவில். ஆனா பின்னாடி தெரியும் சிகரங்களுக்காக விபத்து நடந்த பள்ளத்தாக்குக்கே போய்ப் படம் பிடிச்சிருக்காங்க. அந்த உழைப்பு வீண் போகலை. திரையில் நிக்கிறது நிஜ மலை.

4/ வைட் ஷாட்டில் உடைஞ்ச விமானம் ஒரு புள்ளி. வெள்ளைப் பனியில் வெள்ளை விமானம். மேலே தேடி வந்த விமானத்துக்கு இவங்க தெரியவே இல்லை. ஏன்னு வசனத்தில் விளக்கவே தேவையில்லை. தேடலை நிறுத்திட்டாங்கன்னு ரேடியோவில் கேக்கும்போது நமக்கே வயிறு கலங்குது.

5/ அடுத்து கேமரா முகத்துக்கு வெகு பக்கத்தில் வரும். வெடிச்ச உதடு, புகையா வரும் மூச்சு. அந்த உயரத்தில் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். சுத்தியும் பனி, ஆனா குடிக்கத் தண்ணி இல்லை. பனியை அப்படியே தின்னா உடம்பு இன்னும் குளிர்ந்து போகும். சீட்டில் இருந்த அலுமினியத் தகட்டில் பனியைப் பரப்பி வெயில்ல உருக்கினாங்க. அதே வெயில் பனியில் பட்டுத் தெறிச்சுக் கண்ணையும் எரிக்கும். வெளிச்சம் இங்கே அழகுக்கு இல்லை. அதுதான் மருந்து, அதுதான் விஷம்.

6/ அக்டோபர் 29. தூங்கிட்டிருக்கும்போது பனிச்சரிவு விமானத்தை மூடுது. 8 பேர் இறந்தாங்க. அதுவரை அகலமா விரிஞ்ச திரை இருட்டாகி, ஆள் மூச்சு மட்டும் மிஞ்சுது. அன்னிக்கு யார் எங்கே படுத்திருந்தாங்கங்கிறதுதான் உயிரைத் தீர்மானிச்சது. இதில் மனவுறுதிக்கு என்ன வேலை?

7/ கடைசியில் பர்ராடோவும் கனேஸ்ஸாவும் மேற்கே ஏறினாங்க. கனேஸ்ஸா அப்போ மருத்துவ மாணவர், பிறகு குழந்தைகள் இதய மருத்துவர் ஆனார். உச்சிக்குப் போனா அந்தப் பக்கம் சிலியின் பச்சை தெரியும்னு நம்பிக்கை. தெரிஞ்சது கண்ணுக்கெட்டின தூரம் மலை. சுமார் 10 நாள் நடந்துதான் மனுஷ முகத்தைப் பார்த்தாங்க. அந்த நடையோட பாரம் அந்த ஒரே ஷாட்டில் நமக்கு இறங்கிடுது.

8/ கதையைச் சொல்ற நுமா டுர்காட்டி பிழைக்கலை. அவருக்கும் தைரியத்தில் குறைவில்லை. ஆனா காலில் பட்ட காயம் சீழ் பிடிச்சது, பட்டினி உடம்பால் அதை எதிர்க்க முடியலை. மீட்பு வர சில நாள் இருக்கும்போது போயிட்டார்.

9/ வார்டில் ஒருத்தர் இறந்தா, "அவர் மனசு விட்டுட்டார், அதான்"னு சொந்தக்காரங்க காதுபடவே பேசுவாங்க. தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. செப்சிஸுக்கும் குளிருக்கும் ஆள் தெரியாது. இறந்தவர் தோத்துப்போனவர் இல்லை. அதை உணரவாவது இந்தப் படத்தை முடிஞ்சவரை பெரிய திரையில் பாருங்க.