திறமைக்கு நிறம் உண்டா?

அமெரிக்காவில் பிளாரன்ஸ் பிரைஸ் என்னும் கறுப்பு இன மாதின் இசைகள் இப்போது பெரிய பெரிய சங்கீத மண்டபங்களில் வாசிக்கப்பட்டு வருகின்றன. அவரது 1-வது, 3-வது சிம்பனிகளைப் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து 2021-ல் வெளியிட்டதற்கு 2022-ல் கிராமி பரிசும் கிடைத்தது. இதைப் பற்றி நாம் மிகவும் சந்தோஷப்படுகிறோம். ஆனால் அம்மாது 1953-லேயே காலமாகிவிட்டார். சுமார் 70 வருஷ காலம் இந்த இசை எங்கே போயிருந்தது, யாரால் போயிருந்தது என்பதை விசாரிக்காமல் கைதட்டுவதோடு நின்றுவிடுவது அறிவுடைமையாகாது.

அம்மையார் 1887-ல் அர்க்கன்சாஸ் மாகாணத்தில் லிட்டில் ராக் என்னும் ஊரில் பல் வைத்தியர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தவர். பாஸ்டன் நகரத்துச் சங்கீதக் கலாசாலையில் சேர்ந்தபோது, கறுப்புப் பெண் என்று தெரிந்தால் தொல்லை வருமென்று பயந்து, இவருடைய தாயாரே இவரை மெக்சிகோ தேசத்தவர் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது! படித்துப் பட்டம் பெற்றுச் சொந்த ஊர் திரும்பினால், அங்குள்ள சங்கீத ஆசிரியர் சங்கம் கறுப்பர் என்ற காரணத்திற்காகவே இவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. 1927-ல் அவ்வூரில் ஒரு கறுப்பரை வெள்ளையர் கூட்டம் கொலை செய்தது. அந்த வருஷமே குடும்பம் சிக்காகோவுக்குக் குடிபோயிற்று. பின்னர் கணவரை விட்டுப் பிரிந்து, ஊமைப் படங்களுக்கு ஆர்கன் வாசித்தும், ரேடியோ விளம்பரங்களுக்குப் பாட்டமைத்தும் இரண்டு பெண் குழந்தைகளைக் காப்பாற்றினார்.

இவ்வளவு கஷ்டத்திலும் எழுதிய முதல் சிம்பனிக்கு 1932-ல் வனமேக்கர் போட்டியில் 500 டாலர் முதற்பரிசு கிடைத்தது. 1933 ஜூன் 15-ல் பிரெடரிக் ஸ்டாக் என்பவர் சிக்காகோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அதை வாசிக்கச் செய்தார். கறுப்புப் பெண் ஒருவர் எழுதிய சிம்பனியை அமெரிக்காவின் பெரிய வாத்திய கோஷ்டியொன்று வாசித்தது அதுவே முதல் தடவை. அந்தக் கச்சேரிக்குப் பணம் கொடுத்து உதவியவர் மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ் என்னும் மற்றொரு கறுப்பு இன மாது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சிம்பனியின் மூன்றாவது பகுதிக்கு ஜூபா நடனம் என்று பெயர். முரசு அடிக்கக்கூடாதென்று எஜமானர்கள் தடை போட்டிருந்த இடங்களில் அடிமைகள் தங்கள் கையையும் தொடையையும் மார்பையுமே தட்டி ஆடிய ஆட்டத்தின் தாளம் அது. எஜமானர்கள் பிடுங்கிக்கொள்ள முடியாத அந்தத் தாளத்தைத்தான் அம்மையார் பிடிலுக்கும் ஊதுகுழலுக்கும் எழுதிக் கொடுத்தார்.

நிற்க, "உண்மையான திறமையிருந்தால் அது தானே வெளிவந்துவிடாதா?" என்று கேட்கும் கனவான்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறோம். ஒரு பாட்டு என்றால் வாய்க்கு வாய் பரவும். தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். சிம்பனி அப்படியல்ல. எண்பது, நூறு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிச் சுரத்தாள் எழுதியோ அச்சிட்டோ கொடுக்க வேண்டும். ஒத்திகைக்குக் கூலி வேண்டும், மண்டபம் வேண்டும், நடத்துகிறவர் மனம் வைக்க வேண்டும். அச்சில் இல்லாததால் யாரும் வாசிப்பதில்லை. வாசிக்காததால் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் அச்சிடுவதில்லை. கடைசியில் "ஒருவரும் கேட்காத இசை, ஆகவே தரமற்ற இசை" என்று தீர்ப்பு! கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, உள்ளே வரவில்லையே என்று குற்றஞ் சொல்லும் இந்தப் பித்தலாட்டத்துக்குத் திறமை என்று பெயர் வைப்பது எப்படி யோக்கியமாகும்?

அம்மையார் கேளாமல் இருந்தாரா? இல்லை. 1943-ல் பாஸ்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி வந்த கூசெவிட்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். தமக்குப் பெண் என்பதும் கறுப்பு இனம் என்பதுமாக இரண்டு தடைகள் இருப்பதாகவும், சலுகை வேண்டியதில்லை, இசையின் தரத்தை மாத்திரம் பார்த்தால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். எந்த நகரத்தில் பொய்ப் பிறப்பிடம் எழுதிப் படித்தாரோ அந்த நகரத்துக் கோஷ்டியை அவர் நடத்திய காலம் முழுவதும் அம்மையாரின் இசை ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை. கேட்டது பிச்சையல்ல, பரீட்சை! அந்தப் பரீட்சையைக்கூட வைக்க மறுத்தார்கள்.

2009-ல் இல்லினாய் மாகாணத்து செயின்ட் ஆன் என்னும் சிற்றூரில், மரம் விழுந்து கூரை பொத்தலாகிக் கிடந்த ஒரு பாழ்வீட்டில், நனையாத ஓரிடத்தில் கட்டுக்கட்டாகக் காகிதங்கள் அகப்பட்டன. இரண்டு பிடில் கன்செர்ட்டோக்களும் 4-வது சிம்பனியும் அவற்றில் இருந்தன. அது அம்மையார் கோடைக்குத் தங்கிய வீடு. 1945-ல் எழுதிய அந்தச் சிம்பனி 2018-ல்தான் அர்க்கன்சாஸில் போர்ட் ஸ்மித் சிம்பனியால் முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. இதைச் சிலர் அதிசயம் என்றும் தெய்வச் செயல் என்றும் சொல்லக்கூடும். தெய்வச் செயலானால், 56 வருஷம் காகிதங்களை மழைக்கும் எலிக்கும் விட்டு வைத்தது யார் செயல்? மேலும், 2009-க்கு வெகுகாலம் முன்பிருந்தே ரே லிண்டா பிரவுன் என்னும் கறுப்பு இன மாது இவரைப் பற்றி ஆராய்ச்சி செய்து வந்தார். அவர் எழுதிய சரித்திரம், அவர் இறந்தபின், 2020-ல் வெளிவந்தது. ஆகவே எல்லோரும் மறந்துவிடவில்லை. மண்டபங்களின் சாவியை வைத்திருந்தவர்களே மறந்தார்கள்.

2018-ல் ஷிர்மர் என்னும் பெரிய பதிப்பகம் அம்மையாரின் இசைகளின் உரிமையைப் பெற்றது. சுரத்தாள் கிடைக்கவில்லை என்ற சாக்கு அதோடு ஒழிய வேண்டும். இனிச் செய்ய வேண்டியதெல்லாம், கறுப்பர் சரித்திரத்துக்கென்று ஒதுக்கிய பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் தர்மத்துக்கு வாசித்துவிட்டு மற்ற பதினொரு மாதமும் மூட்டை கட்டி வைக்காமல், மற்றவர் இசையைப் போலவே வருஷம் முழுவதும் வாசிப்பதும், குற்றமிருந்தால் தாராளமாய்க் குற்றம் சொல்லுவதுமேயாகும். புகழ்ச்சி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அம்மையார் 1943-ல் கேட்ட அந்தப் பரீட்சையை இப்போதாவது ஒழுங்காக நடத்தட்டும் என்றே சொல்லுகிறோம்.