பிள்ளை பெறச் சொல்கிறது அரசு. சிகிச்சைச் செலவு யார் தலையில்?

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர்களே உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடலாம் என்று சட்டம் கொண்டுவருவது பற்றிச் சிந்திப்பதாக அறிவித்தார். அடுத்த மாதமே, இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் போட்டியிடுவதற்கு இருந்த பழைய தடையைச் சட்டமன்றம் நீக்கியது. 2025 மகளிர் தினத்தையொட்டி, அரசுப் பெண் ஊழியர்க்கு எத்தனையாவது பேறானாலும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று முதலமைச்சர் கூறினார். அவருடைய கட்சியைச் சேர்ந்த விஜயநகரம் நாடாளுமன்ற உறுப்பினரோ ஒருபடி மேலே சென்று, மூன்றாவது குழந்தை பெண்ணானால் ஐம்பதாயிரம் ரூபாய், ஆணானால் ஒரு பசு, தம் சொந்தப் பணத்தில் தருவதாக அறிவித்தார்.

மகப்பேறு விடுப்புக்கு விதித்த வரம்பு நீங்குவதை நாம் வரவேற்கிறோம். அது தொழிற்சங்கங்கள் நெடுநாள் கேட்டுவந்த உரிமை. ஆனால் இவ்வளவு ஆரவாரத்திலும் ஒரு சாரார் கண்ணில் படவே இல்லை. குழந்தை வேண்டும் என்று ஏங்கியும் உடற்கூற்றின் காரணமாகப் பெற இயலாதவர்கள் அவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் குழந்தையின்மைக்கு ஆளாகின்றனர். பசுவும் பணமும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆறில் ஒருவருக்கு என்ன சொல்கிறார்கள்?

அண்மையில் சித்தூரில் நடந்த ஊழியர் கூட்டமொன்றில் தெலுங்கு உரையைத் தமிழாக்கும் பணியில் இருந்தேன். கூட்டம் முடிந்தபின், கிராமச் செயலகத்தில் பணிபுரியும் ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். கணவரும் அவரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு நிறுவனத்தில் தனியே மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தனர். கருத்தரிப்புச் சிகிச்சைக்கான அவர்களது கோரிக்கையை அந்நிறுவனம் திருப்பி அனுப்பியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த இரண்டு வரிகளைத் தமிழில் சொல்லுமாறு கேட்டார். “விலக்கு எண் 17” என்றேன். “அப்படியென்றால் எங்களுக்கு வந்திருப்பது நோய் இல்லையா, ஐயா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

பதினேழும் பதினெட்டும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல், எவற்றுக்கெல்லாம் பணம் தர வேண்டியதில்லை என்று நிறுவனங்கள் விலக்கிக்கொள்ளத்தக்க செலவுகளை எண்ணிட்டு வகுத்தது. எட்டாம் எண் அழகுக்காகச் செய்துகொள்ளும் அறுவை. ஒன்பதாம் எண் ஆபத்தான சாகச விளையாட்டு. பன்னிரண்டு குடி, போதைப்பழக்கம். பதினேழு மலட்டுத்தன்மையும் குழந்தையின்மையும். பதினெட்டு மகப்பேறு.

தோழர்கள் இவ்வரிசையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கருவுற இயலாவிட்டால் பதினேழு தடுக்கிறது. கருவுற்றால் பதினெட்டு தடுக்கிறது. மனிதகுலம் மறு உற்பத்தி ஆகும் வழி முழுவதும் காப்பீட்டு மூலதனத்தின் கணக்கில் “விலக்கு” ஆகிவிடுகிறது. விரும்புகிற நிறுவனம் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, காத்திருப்புக் காலமும் விதித்து, ஓரளவு சேர்த்துக்கொள்ளலாம். கையில் பணம் உள்ளவர் அதை வாங்கலாம். மற்றவர்க்கு எண் 17.

இன்னொரு முரணையும் பாருங்கள். 2021-இல் இயற்றப்பட்ட கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கருமுட்டை தரும் பெண்ணுக்குச் சிகிச்சை பெறும் தம்பதியர் 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். வாடகைத்தாய் முறைக்கான சட்டம் 36 மாதக் காப்பீடு கோருகிறது. அப்பெண்களின் பாதுகாப்புக்கு இவை தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் தம்பதியர்மீது காப்பீட்டுக் கடமையைச் சுமத்தத் தெரிந்த அதே நாடாளுமன்றத்துக்கு, அத்தம்பதியரின் சிகிச்சையை ஏற்றுக்கொள் என்று நிறுவனங்களுக்குக் கட்டளையிடத் தோன்றவில்லை.

ஒரே தெரு, இரு சட்டம்

அரசு நினைத்தால் முடியாது என்பதில்லை. ஒன்றிய அரசின் சுகாதாரத் துறை 2011 நவம்பர் 22 அன்று வெளியிட்ட குறிப்பாணை, ஒன்றிய அரசு ஊழியர்க்குச் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் செலவைத் திருப்பித் தர வழிசெய்தது. ஒரு சுழற்சிக்கு 65,000 ரூபாய் அல்லது உண்மைச் செலவு, இவற்றில் எது குறைவோ அது. அதிகபட்சம் மூன்று சுழற்சிகள். அரசு மருத்துவ நிறுவனத்தின் மகப்பேற்றுத் துறைத் தலைவரது பரிந்துரை வேண்டும். பெண்ணின் வயது 21 முதல் 39-க்குள் இருக்க வேண்டும். உயிருடன் குழந்தை இருக்கக் கூடாது.

இதில் குறைகள் பல. தனியார் மையங்களில் ஒரு சுழற்சிக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று வாங்கப்படும் காலத்தில் 65,000 ரூபாய் பாதிக்கிணறுகூட இல்லை. 39 வயதுக் கோடு, மணமான பின்னும் ஊர்விட்டு ஊர் மாற்றலாகிப் பிரிந்து வாழும் ஊழியரைத் தண்டிக்கிறது. எனினும் ஒரு கொள்கையை அந்த ஆணை ஏற்றுக்கொண்டது: குழந்தையின்மை சிகிச்சைக்குரிய நிலை, அச்செலவில் வேலை வாங்குகிற அரசுக்குப் பங்கு உண்டு.

சித்தூரில் அஞ்சலகத்தில் பணிபுரிபவர் அந்த ஆணையைக் காட்டி வாதிடலாம். அதே தெருவில் குடியிருக்கும் மாநில அரசு ஆசிரியையின் நிலை என்ன? ஆந்திர அரசின் ஊழியர் சுகாதாரத் திட்டம் 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் நிலைக்கேற்ப மாதம் 90 ரூபாயோ 120 ரூபாயோ சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 2020 சனவரி முதல் நாள் அரசுத் துறையோடு இணைக்கப்பட்ட சாலைப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளரும் அரசு ஊழியர் ஆயினர். இத்திட்டம் பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலை மையமாகக் கொண்டது. பட்டியலிட்ட சிகிச்சைக்கு வகுத்த தொகை என்னும் முறையில் இயங்குவது. கருத்தரிப்புச் சிகிச்சையோ மாதக்கணக்கில் நீள்வது. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நாள்தோறும் ஊசி என்று அதன் பெரும்பகுதி வெளிநோயாளியாகவே நடப்பது. கட்டிலுக்கு அளவெடுத்த சட்டை இதற்குப் பொருந்தாது. பரிசோதனை முதல் கருவை வைப்பது வரை முழுமையாகத் தழுவும் தனி உரிமை வாசகம் மாநிலத் திட்டத்துக்குள் வேண்டும் என்பது இதனாலேயே.

2019-இல் கிராம, வார்டுச் செயலகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பணியமர்த்தப்பட்டனர். அன்று இருபதுகளில் இருந்த அவர்கள் இன்று முப்பதுகளில் நிற்கின்றனர். போக்குவரத்துத் துறை ஓட்டுநரோ திருப்பதி, சித்தூர் வெயிலில் என்ஜின் சூட்டருகே நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். விந்தணுவைப் பாதிக்கும் காரணிகளில் வெப்பமும் ஒன்று என்பதை மருத்துவம் அறியும். ஆனால் குறை ஆணிடமா, பெண்ணிடமா என்று பார்க்குமுன்பே ஊர் பெண்ணுக்குப் பெயர் வைத்துவிடுகிறது. பரிசோதனையும் சிகிச்சையும் இருவருக்கும் உரிமையானால், அந்த வசைச்சொல்லின் பாதி பலம் அன்றே போய்விடும்.

காப்பீடு மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “காப்பீட்டில் சேர்” என்ற முழக்கத்தோடு நின்றுவிட்டால், மக்கள் பணம் பெருநிறுவன மருத்துவமனைகளின் கல்லாவுக்குத்தான் போகும். 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை, இதுவரை அறக்கட்டளை வழி நடந்த என்.டி.ஆர். வைத்திய சேவையில் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடத்த ஒப்புதல் தந்தது. அரசே நேரடியாகச் செலவழித்த இடத்தில் இலாபம் தேடும் இடைத்தரகர் நுழைகிறார். “விலக்கு எண் 17” எழுதிய கை, இனி ஏழைகளின் சிகிச்சைக் கோரிக்கையையும் எடைபோடும்.

சிகிச்சை சந்தையாகும்போது நிகழ்வதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2025 சூலையில் செகந்திராபாத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் மோசடி வெளிப்பட்டது. வாடகைத்தாய் வழி பிறந்த உங்கள் குழந்தை என்று சொல்லி, இலட்சக்கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு, வேறொருவர் குழந்தையை ஒரு தம்பதியரிடம் ஒப்படைத்திருந்தனர். மரபணுப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. ஒரு பக்கம் ஏக்கம் விற்பனைக்கு வந்தது. மறு பக்கம் வறுமை விற்பனைக்கு வந்தது.

ஆகவே நம் கோரிக்கையின் முதுகெலும்பு பொது மருத்துவமனையே. கோவா அரசு மருத்துவக் கல்லூரியில் 2023 முதல் இச்சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் அமைந்துள்ளது. பிரான்சில் சமூகப் பாதுகாப்பு நிதியே நான்கு முயற்சிகள் வரை முழுச் செலவையும் ஏற்கிறது. பொருளாதாரத் தடையின் நெருக்கடியிலும் கியூபா இதைப் பொதுச் சுகாதாரத்தின் கடமையாகக் கருதுகிறது. திருப்பதியில் எசு.வி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இருந்தும் குழந்தை வேண்டித் திருப்பதி மலையேறி வரும் நாட்டுக்கு நடுவே, திருப்பதி ஊழியர்கள் சிகிச்சை தேடி வேலூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகிறார்கள். ஏழுமலையானிடம் நேர்ந்துகொள்வது அவரவர் விருப்பம். அதில் நமக்கு வழக்கில்லை. அரசு ஏற்க வேண்டிய செலவைக் கடவுளின் கணக்கில் எழுதுவதில்தான் வழக்கு.

நமக்குள்ளும் ஒரு விவாதம்

“ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லாத நாட்டில் இது ஆடம்பரமல்லவா?” என்று சில தோழர்கள் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. ஆடம்பரமென்றால் செல்வந்தர் மட்டுமே நாட வேண்டும். உண்மையில் தாலிச்சங்கிலியை அடகு வைப்பவர் யார்? வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுப்பவர் யார்? ஒரு சுழற்சி தோற்று, அடுத்ததற்குக் கந்துவட்டி வாங்குபவர் யார்? உழைக்கும் வர்க்கத்தார்தாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வேண்டும் என்பதும், மருத்துவக் கல்லூரியில் கருத்தரிப்புப் பிரிவு வேண்டும் என்பதும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள்.

இதில் நம் பக்கத்திலும் ஒரு கடன் உண்டு. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாட்களுக்குப் பின், டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா பிறந்தாள். மாநில அரசு அமைத்த குழு அச்சாதனையை நம்ப மறுத்தது. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட அவர், 1981 சூனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று மாநிலத்தை ஆண்டது இடது முன்னணி. அதிகார வர்க்கத்தின் சிறுமைக்கு நம் ஆட்சியும் இடம் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, மறைப்பதில்தான் வெட்கம். மக்களுக்குரிய அறிவியல் அரசின் கையைவிட்டுப் போனால் தனியார் கைக்குப் போய்ச்சேரும் என்பதே அதன் பாடம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாநிலத்தின் கருவள விகிதம் 1.7-க்கு இறங்கிவிட்டது, தொகுதிகள் குறையும் என்ற கவலையோடு நாம் இக்கோரிக்கையை எழுப்பவில்லை. நேற்று கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தந்த அரசுகள் இன்று பிள்ளைக்குப் பரிசு தருகின்றன. இரண்டிலும் பெண்ணின் உடல் அரசின் கணக்கேடாகவே இருக்கிறது. குழந்தை வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணின் உரிமையும், வேண்டும் என்று சிகிச்சை தேடும் பெண்ணின் உரிமையும் ஒன்றே. இரண்டையும் ஒருசேரக் காப்பவர்களே உண்மையான சனநாயகவாதிகள்.

கோரிக்கைகள் இவை. ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் கணவன், மனைவி இருவரது பரிசோதனையும், குறைந்தது மூன்று சுழற்சிச் சிகிச்சையும், வெளிநோயாளிச் செலவும் உரிமையாக எழுதப்பட வேண்டும். சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும். திருப்பதி அரசு மகப்பேறு மருத்துவமனையில் கட்டணமற்ற கருத்தரிப்புப் பிரிவு தொடங்கப்பட வேண்டும். அதன் கதவு நிரந்தர ஊழியர்க்கு மட்டுமன்றி ஒப்பந்தப் பணியாளர், ஆசாப் பணியாளர், விவசாயக் கூலி அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் தொடங்கி 42 நாள் வேலைநிறுத்தம் செய்து, அத்தியாவசியப் பணிச் சட்டத்தின் மிரட்டலையும் எதிர்கொண்ட அங்கன்வாடித் தோழியர், ஊரார் குழந்தைகளையெல்லாம் வளர்ப்பவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்த உரிமையும் முழுமை பெறாது. காப்பீட்டு ஒழுங்குமுறையில் பதினேழும் பதினெட்டும் நீக்கப்பட வேண்டும்.

இவற்றை வைக்க வேண்டிய சங்கங்களே இன்னும் வாய் திறக்கவில்லை. ஊதியக் குழு, அகவிலைப்படி, பழைய ஓய்வூதியம் பற்றி உரத்துப் பேசும் நம் மேடைகளில் இச்சொல் ஒலிப்பதில்லை. காரணம் கூச்சம். கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் தனியே வந்து தாளை நீட்டும்படி விட்டது நம் குறை. அடுத்த மாவட்ட மாநாடுகளின் தீர்மானப் பட்டியலில் இது இடம்பெறட்டும்; மேடையிலேயே வாசிக்கப்படட்டும்.

அந்தச் சகோதரிக்கு அன்று நான் சொன்ன விடை: “இது நோய்தான், அம்மா. உங்கள் குற்றமன்று. மருத்துவம் உங்கள் உரிமை. அதை வாங்கித் தருவது சங்கத்தின் வேலை.” அவ்வேலையை இனியாவது தொடங்குவோம்.