புகையை விடுவோரை மது விடுவதில்லை

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள புதுக்கோட்டையைத் துறைமுகச் சரக்கு லாரிகள் இரவும் பகலும் கடக்கின்றன. லாரி ஓட்டுநர், உப்பளத் தொழிலாளி, சுமை தூக்குபவர் எனப் புகைப்பழக்கத்தை விட முயல்வோர் இப்பகுதியிலும் உண்டு. காலையில் எடுத்த உறுதி மாலை வரை தாக்குப்பிடிக்கிறது. கூலி கைக்கு வந்து, நண்பர்களுடன் மதுக்கூடத்தில் அமர்ந்த பிறகு நிலைப்பதில்லை. இதை மனவுறுதிக் குறைவு என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியன்று.

ஒன்றை வாங்கினால் மற்றொன்றையும் நாட வைக்கும் பொருள்களைப் பொருளியலில் இணைப் பண்டங்கள் என்போம். வகுப்பில் காப்பியையும் சர்க்கரையையும் எடுத்துக்காட்டுவது வழக்கம். மதுவும் சிகரெட்டும் இன்னும் பொருத்தமானவை. மாணவர்களிடம் சொல்லத் தயங்குவோம், அவ்வளவுதான். மூளையில் டோபமைன் சுரப்பை இரண்டுமே கூட்டுகின்றன. மது தரும் மந்தத்தை நிகோடின் ஓரளவு ஈடுசெய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேண்டாம்' என்று சொல்லும் தன்னடக்கத்தையே மது தளர்த்திவிடுகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் இவ்விரண்டும் சேரும்போது ஆபத்து கூட்டல் கணக்கில் நிற்பதில்லை; பெருக்கல் கணக்கில் ஏறுகிறது.

அரசோ இவற்றைத் தனித்தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. புகையிலைக் கட்டுப்பாடு நலவாழ்வுத் துறையின் பொறுப்பு. மதுச் சில்லறை விற்பனையோ 2003 முதல் டாஸ்மாக்கின் தனியுரிமை. 2023-24இல் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.45,855 கோடி. 500 கடைகள் மூடப்பட்ட ஆண்டும் அதுவே. ஆயினும் வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் உள்ள தடை மதுக்கூடங்களுக்கும் பொருந்தும். அங்குள்ள புகைமண்டலத்தைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

இரண்டையும் ஒருசேர விடச் சொன்னால் இரண்டுமே கைகூடாது என்ற அச்சம் உண்டு. மது, போதைச் சிகிச்சையில் இருப்போருக்குப் புகையை விடவும் உதவினால் என்னாகும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிக்கை ஒன்று 2004இல் வெளியானது. அவ்வாறு உதவி பெற்றோர் மது, போதைப் பழக்கங்களிலிருந்து நெடுங்காலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதல் என்கிறது அது. ஒரே ஓர் எச்சரிக்கை: நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது, வலிப்பு வரை கொண்டுபோய்விடும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடுதேடி வருகிறார்கள். புகைக்கிறீர்களா என்பதோடு, எப்போது, யாருடன் குடிக்கிறீர்கள் என்றும் அவர்கள் கேட்கலாம். புகையை விட உதவும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356, 2018 முதல் சிகரெட் பெட்டிகளில் அச்சாகிறது. மதுக்கடையருகே ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. அந்த எண்ணை மதுக்கூடச் சுவர்களில் எழுதிவைக்க டாஸ்மாக்கின் ஒரு சுற்றறிக்கை போதும்.