கயிற்றை இழுக்கும் முன் டேங்க்கைப் பாருங்கள்

திருவண்ணாமலையில் வடகிழக்குப் பருவமழையும் கார்த்திகைத் தீபமும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மீது சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13இல் தீபம். இப்படிப்பட்ட நாட்களில் கிரிவலப் பாதையில் ஒரு மரம் சாய்ந்தால், தோப்பு வீட்டிலும் மடத்துக் கிடங்கிலும் ஊராட்சி அலுவலகத்திலும் பல மாதம் சும்மா கிடந்த செயின்சாவைத் தேடி எடுக்கிறார்கள். கயிறு இழுத்துத் தோள் வலித்த பிறகு அது நம் பட்டறைக்கு வருகிறது.

வந்த மிஷினில் முதலில் பிளக்கைக் கழற்றுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அதை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. நம் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025இல் 20 சதவீதம் ஆனது. பல செயின்சா கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி காலியாக, மூடி சரியாக இறுகாமல் கிடந்த கேனிலோ டேங்க்கிலோ தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டூ-டி ஆயில் பெரும்பாலும் மேலே நிற்கும் பெட்ரோலோடு போய்விடும். டேங்க்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவதோ கீழே உள்ளதை.

அதனால் ஸ்டார்ட் ஆகாத மிஷினைவிட, இந்த நிலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்ட மிஷின்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் கீறி, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை புது மிஷின் விலையை நெருங்கிவிடும். ஆகவே எரிபொருளை முழுவதும் கண்ணாடி பாட்டிலில் வடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்கு தெரிந்தாலோ, பழைய வார்னிஷ் வாடை அடித்தாலோ, வாடிக்கையாளர் எவ்வளவு சொன்னாலும் அதைத் திரும்ப ஊற்றக் கூடாது. புது பெட்ரோலில் கையேடு சொல்லும் அளவில் ஆயில் கலக்கவும். 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி.

பிளக்கின் முறை இதன் பிறகுதான். பலமுறை இழுத்தும் பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் மேலே வரவில்லை. ஃபில்டர், வெடித்த ரப்பர் டியூப், மூடியின் காற்றுத் துவாரம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு கார்புரேட்டரைத் திறக்கலாம். நீண்ட நாள் கிடந்த மிஷினில் பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான்: பிசின் பிடித்து ஒட்டிய ஊசி, அடைத்த சல்லடை, காகிதம்போல் விறைத்த டயாபிரம். விறைத்த டயாபிரத்தைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிளக் நனைந்திருந்தால் சோக்கை மூடி இழுத்து இழுத்தே பெட்ரோல் நிரம்பியிருக்கும். பிளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, சிலிண்டர் காயும்வரை கயிற்றை இழுத்தால் போதும். கரண்ட் வருகிறதா என்று பிளக்கை அதன் துளைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெளியேறும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

ஓட வைத்துக் கொடுக்கும்போது இரண்டு வேலை நம்முடையது. மிஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் காலை ஊன்றி ஸ்டார்ட் செய்யக் காட்டிக்கொடுப்பது ஒன்று. மழை முடிந்ததும் டேங்க்கை வடித்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது இன்னொன்று. எரிபொருள் கேன் மீது கலந்த தேதியை மார்க்கரில் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் தாண்டியதை செயின்சாவில் ஊற்றக் கூடாது. ஊராட்சி, தோப்பு, மட வாடிக்கையாளர்களைச் செப்டம்பரிலேயே போனில் அழைத்து மிஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்போதுதான் டயாபிரம் கிட் வரவழைக்கவும் நேரம் கிடைக்கும்.