இடிக்கும் முன் ஒரு சொல்



சென்ற திங்கள் நமது பங்குப் பேரவையின் முன் ஒரு வரைபடம் விரிக்கப்பட்டது. தாம்பரத்தில் நம் ஆலயத்தை அடுத்து நிற்கும் ஓட்டுக் கூடத்தை இடித்துவிட்டு, முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்த இரண்டு மாடி மண்டபம் எழுப்பவேண்டும் என்பது திட்டம். அனைவரும் மகிழ்ந்தனர். நாம் மட்டும் வாளாவிருந்தோம். காரணத்தை அன்று சொல்லத் துணிவு வரவில்லை, இன்று எழுதுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மெட்ராஸ் டெரஸ் முறையில் கட்டிய பழைய மறைக்கல்வி இல்லம் ஒன்றை நாமே முன்னின்று இடித்தோம். தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாகச் சாய்வரிசையில் பதித்து, அதன்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கெட்டித்த தளம் அது. சித்திரை வெயிலிலும் உள்ளே தலைசாய்க்கலாம். அவ்விடத்தில் எழுந்த காங்கிரீட் கூடத்திலோ, விடுமுறை வகுப்பின்போது பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கு ஓடினர். குளிர்சாதனம் வைத்தோம், மின்கட்டணம் காணிக்கைப் பெட்டியை விழுங்கிற்று. பிழை நம்முடையதே, பொறியாளரைக் குறைகூற மாட்டோம்.

அப்போது அறியாத வேறொன்றும் உண்டு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால்தான் சிமெண்டின் மூலமான கிளிங்கர் கிடைக்கும். எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, அக்கல்லே தன்னுள் அடக்கி வைத்திருந்த கரியமிலவாயுவை வெளிவிடுகிறது. இது அப்புகையினும் பெரும்பங்கு. உலகம் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவதே. பழைய சுண்ணாம்புச் சாந்தும் சூளையில் பிறந்ததுதான். ஆயினும் அது சுவரில் இறுகும்போது அவ்வாயுவில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது.

நம் அண்டையில் புது முயற்சிகளும் இல்லாமல் இல்லை. பெரும்பாக்கத்தில் 2022-இல் திறக்கப்பட்ட 1,152 வீடுகள், முன்னரே வார்த்த காங்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டியவை. விரைவு உண்டு, வீண்செலவு குறைவு. ஆனால் காங்கிரீட் காங்கிரீட்டே. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த சிமெண்டுக்கு 2023-இல் இந்தியத் தரநிலை வந்துள்ளது. நம் கடைத்தெருவில் அது எளிதாகக் கிடைக்கும் நாளை எதிர்நோக்குகிறோம்.

குருமட மாணவராயிருந்த காலத்தில் திருவனந்தபுரத்தில் லொயோலா சிற்றாலயத்தைக் கண்டோம். இயேசு சபையினருக்காக லாரி பேக்கர் கட்டியது. பர்மிங்காமில் 1917-இல் பிறந்த குவேக்கர் அவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக்கொண்டே வீடு கட்டவேண்டும் என்னும் எண்ணத்தைக் காந்தியடிகளிடம் பெற்றவர். பூச்சில்லாத செங்கற்சுவரின் துளைகள் வழியே காற்றும் ஒளியும் வந்தன. அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில், செங்கற்களைப் படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, சுவரின் நடுவே வெற்றிடம் விடுவர். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும்.

இதை நம் பங்கின் முதிய கொத்தனாரிடம் சொன்னோம். "செங்கல் மிச்சமாகும் சாமி, ஆனால் நேர்பார்த்து வைக்க நாள் கூடும், கூலியும் கூடும்" என்றார். நியாயமான பேச்சு. பிறகு ஏணி போட்டு ஓட்டுக் கூரையில் ஏறி, கைமரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கரையான் அரித்தவை இரண்டே. மற்றவை இன்னும் ஒரு தலைமுறைக்குப் போதுமாம்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பேரவை கூடுகிறது. கூடம் நிற்கட்டும், இரு கைமரங்களை மாற்றுவோம், தேவையான இரண்டு அறைகளை மட்டும் பின்புறம் எலிப்பொறிக் கட்டில் எழுப்புவோம் எனக் கேட்கவிருக்கிறோம். கண்ணாடி முகப்புக்குத் தம் தாயாரின் நினைவாகப் பணம் தர முன்வந்த அன்பர் ஒருவர் இருக்கிறார். இச்செய்தி அவருக்கு மனவருத்தம் தரும். பேரவையில் கேட்டறியும்படி அவரை விடலாகாது. வெள்ளிக்கிழமை மாலை அவர் இல்லத்துக்கு நாமே செல்கிறோம்.